வான்போர் உரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை சிங்கப்பூரின் அங் மோ கியோவில், போரில் விமானத்தை எப்படிப் பயன்படுத்துவது என்ற கோட்பாடு வளர்ந்த கதையைத் தமிழில் பேசினேன். பலர் பெயர் வேண்டாம் என்றுவிட்டதால் பெயரில்லாமலே நன்றி சொல்கிறேன்.

முதல் நன்றி, தெங்கா விமானத் தளத்தில் பழுதுபார்ப்புப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற அண்ணனுக்கு. வான்போர் பற்றி 1921இல் இத்தாலியப் படை அதிகாரி ஜூலியோ டூவே எழுதியது, பிரிட்டனின் டிரெஞ்சர்ட், அமெரிக்காவின் மிட்செல் ஆகிய விமானப்படை அதிகாரிகள் சொன்னது என்று நான் குறிப்பு வைத்திருந்தேன். படித்துவிட்டு, “சரி தம்பி, நம்ம பக்கம் என்ன நடந்துச்சு?” என்றார். உரையின் பாதி அந்தக் கேள்வியில்தான் வந்தது.

அப்போது தன் ஆட்சியில் இருந்த மலாயாவை விமானங்களே காத்துவிடும் என்று நம்பி, வடக்கே கோத்தா பாரு வரை தளம் அமைத்தது பிரிட்டன். 336 விமானங்கள் வேண்டும் என்று லண்டன் தளபதிகளே கணக்குப் போட்டார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் தாக்கியபோது இருந்ததோ ஏறக்குறைய பாதி, அதிலும் பல பழையவை. விமானம் வராத தளங்களைக் காக்கத் தரைப்படை அங்கங்கே சிதறி நின்றது. பிறகு ஜப்பானியர் அதே தளங்களிலிருந்து பறந்து வந்தார்கள். இதையெல்லாம் ஒரே வரைபடத்தில் காட்டிய என் அக்கா மகனுக்கும் நன்றி. தேசிய சேவையில் (கட்டாயப் படைப்பணியில்) கிடைத்த வார இறுதி விடுப்பு அதிலேயே போயிற்று, பாவம்.

மிட்செல் 1921இல் குண்டு வீசி ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தபோது, “நங்கூரம் போட்டு நின்ற கப்பல்தானே” என்றார்கள் கடற்படைக்காரர்கள். ஆனால் ஓடிக்கொண்டிருந்த ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் கிழக்குக் கரையில் குவாந்தான் அருகே ஜப்பானிய விமானங்கள் மட்டுமே மூழ்கடித்தன. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொன்ன நூலகர் அம்மாவுக்கு நன்றி.

அப்புறம் தோ பாயோ பாட்டி. நகரத்தில் குண்டு விழுந்தால் மக்கள் மனம் உடைந்து, சண்டை போதும் என்று அரசை நெருக்குவார்கள் என்பது டூவேயின் கணக்கு. 1941 டிசம்பர் 8 விடியற்காலை, சிங்கப்பூரில் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தபோதே குண்டு விழுந்ததைப் பாட்டி சொன்னார். “பயந்தோம்தான். ஆனா விடிஞ்சதும் அப்பா வேலைக்குக் கிளம்பிட்டாரு” என்றார். டூவேக்கு நான் வைத்திருந்த இரண்டு பக்க மறுப்பை அதோடு மூடிவிட்டேன்.

வடையும் தேநீரும் கொண்டுவந்த கீழ்மாடி அக்காவுக்கும் நன்றி. வரைபடம் வேண்டுவோர் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.

அன்புடன்,
உரையாற்றியவன்