லிவரைக் கழற்றினால்

அன்புள்ள கண்ணா,

அக்கா அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். நீ அவளுக்கு அனுப்பியதாம். எனக்கு அனுப்ப நேரம் இருந்திருக்காது, சரி. வண்டி மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே கியர் லிவர் அந்த ஆட்டம் ஆடுகிறது, அதை வேடிக்கை மாதிரி எடுத்து அனுப்பியிருக்கிறாய். அப்பா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "புஷ் போயிருக்கு" என்றார், லிவரின் அடியில் இருக்கிற சின்ன வளையத்தைச் சொல்கிறார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. நீ கேட்டால் எல்லாம் சொல்லுவார். நீ கேட்க மாட்டாய், அவரும் தானாகச் சொல்ல மாட்டார். அதனால் இத்தனை வருஷம் பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றவள் எழுதுகிறேன்.

முதலில் வண்டிக்குள் இருக்கிற சாமானை எல்லாம் இறக்கி வை. கார்பெட்டைத் தூக்காமல் இந்த வேலை ஆகாது. அதற்கு முன் சீட்டுகளைப் பின்னால் தள்ள வேண்டும், பின்னால் அத்தனையும் அடைத்து வைத்திருந்தால் எப்படித் தள்ளுவாய்? தலையணை, போர்வை, அந்தப் பச்சைப் பெட்டி எல்லாம் வீடியோவில் தெரிந்தது. வீடு மாற்றுகிறாய் போலிருக்கிறது என்று அக்கா சொன்னாள். இருக்கும்.

அப்புறம் லிவர். எல்லா ஆட்டமும் பழுது இல்லை. நியூட்ரலில் லிவர் இடமும் வலமும் தாராளமாகப் போகத்தான் செய்யும். இன்ஜினை அணைத்து, ஒரு கியரில் போட்டுவிட்டு ஆட்டிப் பார். அப்போதும் விழப்போகிற பல் மாதிரி ஆடினால்தான் தேய்மானம். மேலே இருக்கிற குமிழையும் முறுக்கிப் பார்த்துவிடு. அதன் அடி நட் தளர்ந்திருந்தாலே கைக்கு லிவர் முழுவதும் ஆடுகிற மாதிரி இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போது லிவர் தானாக முன்னும் பின்னும் போனால் அது வேறு கதை, கியர்பாக்ஸைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர் போயிருக்கும். உன் வீடியோவில் அப்படித் தெரியவில்லை. அப்பா அதைத்தான் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தார்.

ஸ்டியரிங்கில் கியர் இருக்கிற பழைய வண்டி என்றால் கீழே படுத்து ஒவ்வொரு கம்பியின் மூட்டையும் பார்க்க வேண்டியிருக்கும். நம் வண்டியில் லிவர் நேராகக் கியர்பாக்ஸின் மேல்மூடிக்குள் இறங்குகிறது, எல்லாம் மேலிருந்தே முடிந்துவிடும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடு. நியூட்ரலில் வை. லிவரின் அடியைச் சுற்றி இருக்கிற ரப்பர் உறையைக் கழற்றுமுன் சுற்றியிருக்கிற மண்ணைத் துடைத்துவிடு. மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் இருக்கும், அதற்குக் கீழே லிவரின் நடுவில் இருக்கிற உருண்டை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். லிவரின் அடிமுனையில் ஒரு சின்ன நைலான் புஷ். வண்டிக்கு வயதாக ஆக, கியர்பாக்ஸ் சூட்டில் வெந்து பொடிந்து போவது அதுதான்.

லிவரைத் தூக்கியதும் அந்த ஓட்டையைச் சுத்தமான துணியால் மூடு. ஒரு திருகு உள்ளே விழுந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டிவரும். நீ அவசரக்காரன், அதனால் மறுபடியும் சொல்கிறேன், துணியால் மூடு. உடைந்த புஷ் துண்டுகளை ஒரு காகிதத்தில் வைத்துச் சேர்த்துப் பார். முழு வளையம் வரவில்லை என்றால் மிச்சத் துண்டு உள்ளேதான் கிடக்கிறது. ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு இறுக்கிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஆட்டம் குறைந்த மாதிரி இருக்கும், லிவர் நடுவுக்குத் திரும்பாது.

பத்தாவது படிக்கும்போதே கார்புரேட்டரைப் பிரித்து மாட்டியவன் நீ. அப்பா அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், கியரைக் கரகரக்காமல் விழ வைக்கிற சிங்க்ரோமெஷ் 1928-இல் கெடிலாக் காரில்தான் முதலில் வந்தது என்று சொல்வாரே, அதே உற்சாகத்தோடு. இப்போதும் சொல்கிறார். அப்படிப்பட்டவன் ஆடுகிற லிவர் மேல் கையை ஊன்றிக்கொண்டே ஓட்டுகிறாய். கை ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், அந்தப் பாரம் உள்ளே கியரைத் தள்ளுகிற செலக்டர் ஃபோர்க்கைத் தேய்க்கும் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

நம் வண்டியில் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது, பக்கத்திலேயே ரிவர்ஸ். புஷ் இல்லாத லிவரில் எது விழுந்தது என்று கைக்குத் தெரியாது. சிக்னலில் பின்னால் ஒரு ஆள் நின்றால் என்ன ஆகும்? ராத்திரியில் ஓட்டாதே. ராத்திரியில் அந்த வண்டிக்குள் இருக்கவே இருக்காதே.

லிவரைக் கழற்றிவிட்டு இந்த அளவில் புஷ் தேடினால் சில நாள் ஆகும். வண்டி ஓடாது, பின் சீட் சாமானும் வெளியில் இருக்கும். அந்த நாளெல்லாம் நீ அங்கே என்ன செய்யப்போகிறாய்? ஓட்டையைத் துணியும் பிளாஸ்டிக் தாளும் வைத்துக் கட்டு. வண்டியைப் பூட்டி அங்கேயே விட்டுவிட்டு லிவரைப் பைக்குள் போட்டு இங்கே கொண்டு வா. லிவர் இல்லாத வண்டியை யாரும் ஓட்டிக்கொண்டு போக மாட்டார்கள். அப்பாவிடம் நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் இருக்கிறது, அடிமுனையின் விட்டத்தை அளந்து அதற்குச் சரியான புஷ்ஷைத் தேடிப் போடலாம். பித்தளையில் கடைந்தால் நீண்ட நாள் வரும், ஆனால் இன்ஜின் அதிர்வெல்லாம் உள்ளங்கைக்கு வரும் என்கிறார். எனக்கு நைலானே போதும். அது உங்கள் இரண்டு பேர் சண்டை.

பெட்டியையும் எடுத்து வா. மாடி அறையில் இருந்த சாமானை எல்லாம் நகர்த்தியாயிற்று. உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதே, தடிமன் பார்க்க வேண்டும். எந்த நாள் வருகிறாய் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பாதே, நீயே போன் செய். அப்பாதான் எடுப்பார். வைத்துவிடாதே.

அம்மா