படத்தில் இருப்பது டினிக்லிங் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் கலைப் பக்கத்தில் வந்த பிலிப்பைன்ஸ் நாட்டுப்புற நடனக் கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதையெல்லாம் யாராவது எழுதுவதே அபூர்வம், அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் முதல் படத்துக்குக் கீழே டினிக்லிங் என்று போட்டிருக்கிறீர்கள், படத்தில் ஆடுவதோ சிங்கில். இரண்டும் மூங்கில்களுக்கு நடுவே கால் வைத்து ஆடுவதுதான், அதனால் மூங்கில் தெரிந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று விட்டுவிட்டார்கள் போல. இரண்டு கையிலும் விசிறி, பின்னாலேயே குடை பிடித்து வரும் பணிப்பெண், குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட மூங்கில்கள், இவ்வளவும் இருந்தால் அது மிந்தானாவோ தீவில் லனாவ் ஏரியைச் சுற்றி வாழும் மரனாவ் முஸ்லிம்களின் ஆட்டம். டினிக்லிங் லேய்ட்டே தீவுக்காரர்களுடையது. அங்கே ஆண் கையை இடுப்பில் வைத்திருப்பான், பெண் பாவாடை ஓரத்தைப் பிடித்திருப்பாள், விசிறிக்கு வேலையே இல்லை.

இதைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஸ்பானியர் காலத்தில் தோட்டத் தொழிலாளர்களை மூங்கிலுக்கு நடுவே நிறுத்தி அடித்தார்கள், அவர்கள் குதித்துத் தப்பியதுதான் டினிக்லிங் ஆனது என்ற கதைக்கு இரண்டு பத்தி கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு ஆதாரம் என்று ஒரு வரி இல்லை. வயலில் விவசாயிகள் வைக்கும் மூங்கில் பொறிகளைத் தாண்டித் தாண்டிப் போகும் டிக்லிங் பறவையைப் பார்த்து ஆடியது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், ஆட்டத்தின் கால்களைப் பார்த்தாலும் அதுதான் பொருந்துகிறது. சரி, கதை இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அந்த ஆட்டம் எப்படி நடக்கிறது என்று கட்டுரை முழுக்கத் தேடினாலும் கிடைக்கவில்லையே!

ஆளுக்கு ஒரு முனையாக இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து இரண்டு நீள மூங்கில்களைப் பிடித்திருப்பார்கள். மூங்கிலுக்கு அடியில் குறுக்குக் கட்டைகள். கட்டை மேல் இரண்டு தட்டு, பிறகு மூங்கில்களை உரசிக்கொண்டு வந்து ஒன்றோடொன்று ஒரு மோதல். தகிட, தகிட, தகிட என்று சொல்லிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். தட்டும்போது கால் உள்ளே, மோதும்போது கால் வெளியே. கணுக்கால் தப்புவது இந்த ஒரு கணக்கில்தான். போகப்போக வேகம் கூடும், அப்போது பார்க்க வேண்டியது ஆடுபவர்களை அல்ல, தட்டுபவர்களை. அவர்கள் அரை நொடி முந்தினால் போச்சு. அமெரிக்கப் பள்ளிகளில் பாப் பாட்டுக்கு ஒத்துவரட்டும் என்று இதையே நான்கு எண்ணிக்கையாக மாற்றிச் சொல்லித் தருகிறார்கள், ஆடச் சுலபம்தான், ஆனால் அந்தப் பறவை நடை போய்விடுகிறது.

நடனத்துக்கு அடிப்படை என்று உடல், அசைவு, இடம், காலம், விசை என ஐந்தைச் சொல்வார்கள். கட்டுரையின் கடைசியில் பெட்டிச் செய்தியாக இவற்றை அடுக்கிவிட்டு முடித்துவிட்டீர்கள். மேலே சொன்ன ஆட்டங்களோடு அவற்றைச் சேர்த்துப் பார்த்திருந்தால் பெட்டியே தேவைப்பட்டிருக்காது. லுபாங் தீவின் பண்டங்கோ சா இலாவும் மூன்று எண்ணிக்கைதான். ஆனால் தலையில் ஒரு விளக்கு, இரண்டு புறங்கைகளிலும் ஒவ்வொரு விளக்கு. அதே காலக் கணக்கு, விசை மட்டும் நேர் எதிர். டினிக்லிங்கில் துள்ளாவிட்டால் அடிபடும், இங்கே துள்ளினால் விளக்கு விழும். லிங்காயென் பக்கத்து சாயாவ் சா பங்கோவில் இரண்டு பேர் ஒரு குறுகலான பெஞ்சு மேலேயே ஆடி இடம் மாறிக்கொள்கிறார்கள், ஆட்டத்தின் சுவையே இடத்தைச் சுருக்கியதில்தான் இருக்கிறது. லகூனா மாகாணத்தில் பின்யான் ஊரின் மக்லாலாத்திக்கில் ஆண்கள் நெஞ்சிலும் முதுகிலும் இடுப்பிலும் தொடையிலும் தேங்காய்ச் சிரட்டையைக் கட்டிக்கொண்டு, கையிலும் சிரட்டை வைத்துத் தன் மேலும் எதிராளி மேலும் தட்டுகிறார்கள். அங்கே உடம்பேதான் வாத்தியம்.

அப்புறம், இவ்வளவையும் ஊர் ஊராகப் போய் எழுதி வைத்த பிரான்சிஸ்கா ரெயெஸ் அக்கினோவின் பெயர்கூடக் கட்டுரையில் இல்லை. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1926-இல் இவர் கொடுத்த முதுகலை ஆய்வே நாட்டுப்புற ஆட்டங்களும் விளையாட்டுகளும் பற்றியதுதான். 1934-இல் பல்கலைக்கழகத் தலைவர் ஹோர்ஹே பொக்கோபோ இதற்கென்றே ஒரு குழு போட, இசைக்கு அந்தோனினோ புவெனவெந்துராவும் கூடப் போனார். அக்கினோ உடற்கல்வி ஆசிரியை, அதனால் எந்த அடி, எத்தனை எண்ணிக்கை, என்ன உடை, எந்த இசை என்று வகுப்பில் சொல்லித்தரத் தோதாகக் குறித்தார். இன்றும் அங்கே பிள்ளைகள் நாட்டுப்புற ஆட்டத்தை உடற்கல்விப் பாடத்தில்தான் படிக்கிறார்கள். 1962-இல் மகசேசே விருது, 1973-இல் தேசியக் கலைஞர் பட்டம். இப்படி ஒருவரை விட்டுவிட்டு அந்த நாட்டு நடனத்தைப் பற்றி எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

பயானிஹான் என்ற பிலிப்பைன்ஸ் நடனக் குழுவை மட்டும் மூச்சுக்கு மூச்சு புகழ்ந்திருக்கிறீர்கள். 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் இவர்கள் ஆடிய பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது, மறுக்கவில்லை. ஆனால் நாம் வீடியோவில் பார்க்கும் சிங்கில் பெரும்பாலும் அவர்கள் மேடைக்கு விரித்துக் கட்டியது. இளவரசன் வேடமும் அவ்வளவு பெரிய கூட்டமும் அரங்குக்காகச் சேர்த்தவை, மரனாவ் வீடுகளில் இது உயர்குடிப் பெண்கள் அடக்கமாக ஆடிய ஆட்டம். மேடை வடிவம் அழகாக இருக்கிறது என்பது வேறு, அதையே மரபு என்று அச்சில் போடுவது வேறு.

அடுத்த வாரம் தெற்கு பிலிப்பைன்ஸில் சூலு தீவுகளின் பங்களாய் நடனம் என்று அறிவித்திருக்கிறீர்கள். முழங்கால் மடக்கி, மணிக்கட்டும் விரலும் தண்ணீர் மாதிரி நிற்காமல் ஓடும் ஆட்டம் அது. அதில் டினிக்லிங் மாதிரி மூங்கிலுக்கு நடுவே குதிப்பது கிடையாது, படம் தேர்வு செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கலைப் பக்க வாசகர்