ஒரு வியாழக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா, அம்மிணி

சேவூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மிணிக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஜப்பானில், ஹமாமட்சுவில், உன் வீட்டுக்குப் பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்தில் கெண்டோ, அதுதான் மூங்கில் தடி வைத்துப் பழகுகிற ஜப்பான் வாள்வீச்சு, சொல்லித்தருகிறார்கள், புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் வியாழக்கிழமைகளில் வந்து பார்க்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது என்றாய். "சேர்ந்துக்கோ" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "இந்த வயசுல போயி... பாக்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டு, ஊரில் மழை உண்டா என்று பேச்சை மாற்றிவிட்டாய். நம் வீட்டில் "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அட்டாலியில் வேட்டித் துணி சுற்றி வைத்திருக்கும் மூங்கில் தடியை இறக்கித்தரச் சொல்லி நீ சின்ன வயதில் எத்தனையோ முறை அழுதிருக்கிறாய். அப்பா ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். மீதியை நான் முழுசாகச் சொன்னதில்லை.

1999-ல் புது பின்னல் மிஷின்களின் வேலை பழக என்னை வகயாமாவுக்கு அனுப்பினார்கள். நம் திருப்பூர் மாதிரி அதுவும் பின்னல் துணிக்குப் பேர்போன ஊர். பத்து மாதப் பயிற்சி. நான் கிளம்பும்போது நீ எட்டு மாதக் குழந்தை. வீட்டில் அப்போது போன் கிடையாது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து நிற்பாள், நான் அங்கே கூப்பிடுவேன். ரிசீவரை உன் வாய்கிட்டே பிடிப்பாள். நீ மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதிலேயே கார்டில் இருக்கிற காசு தீர்ந்துவிடும்.

மூன்றாவது மாதம் எனக்கு அந்த ஊரே பிடிக்காமல் போனது. வேலை முடிந்ததும் அறைக்குப் போக மனசு வராது. ரயில் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற போகிற வண்டிகளை ஒன்பது மணி வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நீ ஹமாமட்சுவில் "ஞாயித்துக்கிழமை முழுக்கத் தூங்கினேன்ப்பா" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெஞ்சுதான் ஞாபகம் வருகிறது.

எனக்கு மிஷின் பழக்கிய ஃபிட்டர் பெரியவர் எப்படியோ அதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் சாயங்காலம் ஒன்றும் சொல்லாமல் தன் வண்டியில் ஏற்றி ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். மரத்தரை போட்ட பெரிய ஹால். அவர் அங்கே ஆசிரியர்களில் ஒருவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் பத்து வயதிலிருந்து பதினேழு வரைக்கும் நம் ஊர் வாத்தியாரிடம் கம்பு பழகியவன். பொங்கல் நோம்பிக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் கோயில் வாசலில் சுற்றியிருக்கிறேன். அதனால் இது எனக்குச் சுலபமாக வந்துவிடும் என்று நம்பித்தான் போனேன். கடைசியில் அந்தப் பழக்கம்தான் குறுக்கே நின்றது. சிலம்பத்தில் கம்பு நிற்கவே கூடாது. மணிக்கட்டு உருண்டுகொண்டே இருக்கும், கை மாறும், கம்பு தலைக்கு மேலே போய்த் தோளைச் சுற்றி வரும். கெண்டோவில் தடியைச் சுற்றவே கூடாது. அதற்கு ஷினாய் என்று பேர். நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்து, நுனியிலும் நடுவிலும் தோல் போட்டு, ஒரு பக்கம் நூல் இழுத்துக் கட்டியது. அதன் முனை எதிரில் நிற்பவரின் தொண்டையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இடது கை தொப்புளுக்கு ஒரு முஷ்டி தூரம் முன்னால். அந்தக் கையிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும்தான் இறுக்கிப் பிடிக்கும். வலது கை சும்மா வழிகாட்டும். என் வலது கையோ ஏழு வருஷப் பழக்கத்தில் தானாக முறுக்கும். பெரியவர் வந்து என் வலது கையை எடுத்து இடுப்பில் வைத்துவிட்டார். மூன்று வாரம் இடது கையால் மட்டும் வீசினேன்.

காலும் அப்படித்தான். வலது கால் முன்னால், இடது கால் பின்னால், இரண்டு பாதமும் நேராக. முன் கால் குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதம் நுழைகிற அளவு இடைவெளி, பின் கால் குதிகால் அதைவிடக் கொஞ்சம் தூக்கலாக. பாதத்தைத் தூக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டே நகர வேண்டும். இடது உள்ளங்காலில் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரியும். உனக்கும் உரியும். பயப்படாதே, இரண்டு மாதத்தில் காய்த்துவிடும்.

நான் நின்ற வரிசையில் என்னைத் தவிர நாலு பேர், நாலும் ஆரம்பப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எனக்கு மொழி வராது. தரையில் மண்டியிட்டு உட்காரும்போது இடது முழங்காலை முதலில் வைக்க வேண்டும், எழும்போது வலது காலை முதலில் ஊன்ற வேண்டும். நான் மாற்றி மாற்றிச் செய்வேன். பக்கத்தில் இருந்த பையனுக்கு ஒன்பது வயது இருக்கும். ஒவ்வொரு முறை உட்காருவதற்கு முன்னாலும் எனக்குத் தெரிகிற மாதிரி தன் இடது முழங்காலை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டுவான். ஒரு மாதம் முழுக்கத் தட்டினான். நான் சரியாகச் செய்ய ஆரம்பித்த பிறகும் கொஞ்ச நாள் தட்டிக்கொண்டிருந்தான்.

நீ எதிலும் கடைசி வரிசையில் நின்றவள் இல்லை. பத்தாவதிலும் காலேஜிலும் உன் பேரை முதலில் வாசித்துத்தான் எங்களுக்குப் பழக்கம். அதில் எனக்கு எவ்வளவோ பெருமை. ஆனால் தெரியாத ஒன்றை நாலு பேர் பார்க்கச் செய்ய நீ தயங்குவதற்கு நாங்களும் ஒரு காரணமோ என்று இப்போது தோன்றுகிறது. இருபத்தேழு வயது அங்கே ஒரு வயதே இல்லை, அம்மிணி. கெண்டோவில் டான் என்பது தகுதிப் படி. எட்டாம் டான் தேர்வில் உட்காரவே 46 வயது ஆகியிருக்க வேண்டும், ஏழாம் டான் வாங்கிப் பத்து வருஷம் பழகியிருக்கவும் வேண்டும். நூறு பேர் போனால் ஒருவர் தேறுவதே பெரிது. எழுபது தாண்டிய ஒருவர் முன்னால் முப்பது வயதில் நான் நின்றிருக்கிறேன். அவர் நகர்ந்ததாகவே எனக்குத் தெரியவில்லை, என் தடி ஒரு முறைகூட அவர்மேல் படவில்லை.

அப்புறம் சத்தம். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை, இந்த நான்கு இடங்களில்தான் அடி. தொண்டையைக் குத்துவதை ஆரம்பத்தில் சொல்லித்தர மாட்டார்கள். அடிக்கிற இடத்தின் பேரை வாய்விட்டுக் கத்த வேண்டும். தலை என்றால் "மென்", மணிக்கட்டு என்றால் "கொத்தே", விலா என்றால் "டோ". குரலும், தடியும், காலும் ஒரே நொடியில் சேர்ந்து விழ வேண்டும். எவ்வளவு அழகாகப் பட்டாலும் குரல் இல்லாத அடிக்குப் புள்ளி கிடையாது. உனக்கு இது கஷ்டமாக இருக்கும். ஒறம்பரை வந்திருக்கும்போது "மெதுவாப் பேசு", ஆசாரத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது "சத்தம் போட்டுச் சிரிக்காதே" என்று உன்னை எத்தனை முறை அடக்கியிருக்கிறோம். அதில் பாதி நான் சொன்னது. அது தப்பு, கண்ணு. அங்கே போய்க் கத்து. கூரை அதிரக் கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் எல்லாரும் கத்திக்கொண்டிருப்பார்கள்.

அஞ்சாவது மாதம் எனக்குக் கவசம் கொடுத்தார்கள். கிளப்பில் இருந்த பழசு. இடுப்புக்கு, மார்புக்கு, தலைக்கு, கடைசியாகக் கைக்கு. தலைக்கவசம் போடுவதற்கு முன்னால் ஒரு பருத்தித் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்ட வேண்டும். எனக்குக் கட்டத் தெரியாமல் அது நழுவி நழுவிக் கண்ணில் விழுந்தது. பெரியவர் தன் துண்டையே எடுத்து என் தலையில் கட்டிவிட்டார். சின்னப் பிள்ளைக்குத் தலை துவட்டி விடுகிற மாதிரி இருந்தது. அப்பாரு போன பிறகு என் தலையை யாரும் அப்படித் தொட்டதில்லை. அதன்மேல் கவசத்தை மாட்டிக் கயிற்றை இழுத்ததும் காது அடைத்துவிட்டது. பழைய வியர்வை நாற்றமும் நீலச் சாய வாசமும். கம்பிக்கு வெளியே உலகம் வரி வரியாகத் தெரிந்தது. மூக்கு அரித்தால் சொறிய முடியாது, கண்ணில் வியர்வை இறங்கினால் துடைக்க முடியாது. முதல் அடி தலையில் விழுந்தபோது வலிக்கவில்லை, சத்தம்தான் பெரிசாக இருந்தது. எனக்கு உள்ளே அழுகை வந்தது. ஏன் என்று தெரியாது. கவசத்துக்குள்ளே யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்குப் பிறகு நான் ஸ்டேஷன் பெஞ்சுக்குப் போகவில்லை.

அடித்த பிறகும் கவனம் அங்கேயே நிற்க வேண்டும் என்பதற்கு ஸான்ஷின் என்று ஒரு சொல் இருக்கிறது. அடி பட்டதும் கையை உயர்த்திக் கொண்டாடினால் கிடைத்த புள்ளியையே ரத்து செய்துவிடுவார்கள். எனக்கு அது பிடிபடவில்லை. மறுநாள் மிஷின் பக்கத்தில் நிற்கும்போது பெரியவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மோட்டார் நின்ற பிறகும் சிலிண்டர் கொஞ்சம் சுற்றித்தான் ஓய்ந்தது. அது ஓயும் வரைக்கும் கையை விடவில்லை. "ஸான்ஷின்" என்றார். இன்றைக்கும் நம் கம்பெனியில் புதுப் பையன்களுக்கு அந்தப் பாடத்தை அப்படித்தான் கையைப் பிடித்துச் சொல்லித்தருகிறேன்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். முதல் நாள் எதுவும் வாங்காதே. போய் ஓரமாக உட்கார்ந்து முழு வகுப்பும் பார். ஆசிரியர் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறார், யாராவது புது ஆளை வேண்டுமென்றே வலிக்க அடிக்கிறார்களா என்று பார். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் வேறு கிளப் தேடு. பிடித்திருந்தால் ஆரம்பத்துக்கு ஒரு ஷினாயும் சாதாரண விளையாட்டு உடுப்பும் போதும். தடியின் நீளம் ஆணுக்கும் பெண்ணுக்கும் 120 சென்டிமீட்டர் வரைக்கும்தான். ஆனால் போட்டி விதியில் ஆண்கள் தடி 510 கிராமுக்குக் குறையக் கூடாது, பெண்களுக்கு 440 போதும். கடையில் பெண்கள் அளவு என்று கேட்டு வாங்கு. கவசம் பெரிய செலவு. குறைந்தது ஆறு மாதம் இரவல்தான். நீலச் சாயம் போட்ட உடுப்பு வாங்கினால் தனியாகத் துவை, பச்சைத் தண்ணீரில் சோப்பில்லாமல். முதல் பத்துத் தடவை சாயம் இறங்கும், உன் கையும் காலும் நீலமாகும்.

ஒவ்வொரு நாளும் ஆரம்பிக்கும் முன் ஷினாயின் நான்கு பட்டைகளையும் விரலால் தடவிப் பார். சிராய் நின்றால் தேய்த்து எடு. பட்டை விரிந்திருந்தால் அன்றைக்கு அந்தத் தடியை எடுக்காதே. உடைந்த மூங்கில் தலைக்கவசக் கம்பிக்கு நடுவே புகுந்து எதிராளி கண்ணைக் குத்திவிடும். இதில் மட்டும் சோம்பல் கூடாது. ஹமாமட்சு குளிர்காலக் காற்று நம் ஆடிக்காற்று மாதிரி விடாமல் அடிக்கும் என்றாயே, ஜனவரியில் அந்தத் தரை வெறுங்காலுக்கு ஐஸ் மாதிரி இருக்கும். அதையும் தெரிந்துகொண்டு போ. அம்மாவிடம் கை கன்றிப்போனதை எல்லாம் வீடியோவில் காட்டாதே, நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

நான் திரும்பி வந்த பிறகு நாலைந்து மாதம் களத்தில் தனியாக வீசிப் பார்த்தேன். கெண்டோவில் ஒவ்வொரு முறையும் எதிரில் நிற்பவரைக் கும்பிட்டு "ஒனெகாய்ஷிமாஸ்" என்று கேட்டுத்தான் ஆரம்பிப்பார்கள், தயவு செய்து என்கிற மாதிரி. களத்தில் அதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை. விட்டுப்போயிற்று. இந்த ஊரில் என்னால் தேடிக்கொள்ள முடியாதது உனக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது.

தடியை உனக்கு அனுப்பலாமா என்று நேற்று இறக்கிப் பார்த்தேன். வருஷா வருஷம் எண்ணெய் தடவியும் ஒரு பட்டை நீளவாக்கில் வெடித்திருக்கிறது. அது இங்கேயே இருக்கட்டும். பார்சலில் பெரியவருடைய அந்தத் துண்டை வைத்திருக்கிறேன், கிளம்பும்போது எனக்கே கொடுத்துவிட்டார். கூடவே அம்மா பருப்புப் பொடியும் கச்சாயமும் வைத்திருக்கிறாள். கச்சாயத்தை முதலில் வெளியே எடுத்துவிடு, துண்டில் எண்ணெய் படப்போகிறது.

அன்புடன்,
அப்பா