ஃபிஷார் என்றால் பிரஷர் மட்டுமில்லை, டொக்டர்

மெல்பேர்ண் டண்டினோங் பக்கம் வேலை செய்யும் தமிழ் டொக்டர்மாருக்கும் உளவியலாளர்களுக்கும் வணக்கம்.

ஆப்கானிய அகதிகள் தங்கள் மனவேதனையை எப்படிச் சொல்கிறார்கள் என்பதைப் பற்றிய இந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி சுகாதார அமைச்சுக்கு அனுப்பியிருக்கலாம்தான், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். உங்களுக்கு எழுதினால் பாதிக் கதையை நான் விளக்கவே தேவையில்லை, அதுதான் தமிழில் எழுதுகிறேன்.

நான் 2012 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவன். கிறிஸ்மஸ் தீவு முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்த ஹசாரா (ஆப்கானிஸ்தானின் ஒரு சிறுபான்மை இனம்) மனிதரோடுதான் பிறகு டண்டினோங்கில் நாலு வருசம் ஒரே வீட்டில் இருந்தேன். அவருக்கு ஊர் ஆப்கானிஸ்தானில் கஸ்னி, மனைவி பிள்ளைகள் பாகிஸ்தானில் குவெட்டாவில். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை என்று போன மாதம் அவரை ஒரு தமிழ் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். போனில் வந்த மொழிபெயர்ப்பாளர் இவர் சொன்னதை அப்படியே சொன்னார்: "எனக்கு பிரஷர் ஏறுது." டொக்டர் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். 124க்கு 80. "பிரஷர் நல்லா இருக்கு, உப்பைக் கொஞ்சம் குறையுங்கோ." ஏழு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். கார் பார்க்கில் நின்று அவர் தன் நெஞ்சில் விரலால் தட்டி, "ஃபிஷார் இங்கே, கையில் இல்லை" என்றார்.

ஆப்கானியர் பேசும் பாரசீகத்தில் ஃபிஷார் என்றால் இரத்த அழுத்தமும்தான், உள்ளுக்குள் அடைத்துக்கொண்டு வெடிக்கப் பார்க்கிற அந்த நிலையும்தான். இது உங்களுக்குப் புதுசா? "எனக்கு பிரஷர் ஏத்தாதே" என்று சொல்லாத அம்மா எங்கள் ஊரில் உண்டா? ஜிகர்-ஹூன் என்று இன்னொன்று, ஈரல் இரத்தமாகிவிட்டது என்று அர்த்தம், ஆளைப் பறிகொடுத்தவர்கள் சொல்வது. வயிறு எரிவதும் ஈரக்குலை பதறுவதும் எந்த ஸ்கேனில் தெரியும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன. இந்தச் சொற்களைக் காபூல் மக்களிடமே கேட்டுச் சேர்த்து, ஆப்கானியருக்கென்று ஒரு அறிகுறிப் பட்டியலே 2006இல் வெளிவந்தது. ஆனால் கிளினிக்கில் நீட்டுவது அதே ஒன்பது கேள்வித் தாள், கடந்த இரண்டு வாரமாக மனச்சோர்வாக இருந்ததா, எத்தனை நாள் என்று. அவர் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றுதான் வட்டம் போட்டார். முதல் தடவை கேட்டவுடன் குறை சொல்வது அவர்கள் வளர்ப்பில் மரியாதையில்லை. தேத்தண்ணி வேண்டுமா என்றாலும் முதலில் வேண்டாம் என்றுதான் வரும், மூன்றாம் தரம்தான் உண்மை வரும்.

அப்புறம் மொழி. படிவத்தில் பாரசீகம் என்று ஒரு பெட்டியில் சரி போட்டு முடித்துவிடுகிறார்கள். தெஹ்ரான்காரர் பேசும் ஃபார்சி வேறு, காபூலின் தாரி வேறு, இவருடைய ஹசாரகி வேறு. தேசிய மொழிபெயர்ப்புச் சேவையிலேயே ஹசாரகி தனியாக இருக்கிறது, கேட்டால் கிடைக்கும். ஒரு தரம் இவருக்குக் கிடைத்தவரின் பேச்சில் பஷ்தூ வாடை அடித்தது, தலிபான்காரர் பெரும்பாலும் பேசும் மொழி அது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, பாவம். ஆனால் 1998இல் மஸார்-இ-ஷரீஃபில் தலிபான் ஹசாராக்களைக் கொன்று குவித்ததில் தமையனை இழந்தவர் அந்தக் குரலிடம் எதைச் சொல்வார்? தலையிடி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். ஈரானியர்களுக்குப் பயம் வேறு மாதிரி, போனில் இருப்பவர் தூதரகத்துக்குச் சொல்லிவிடுவாரோ என்று. சிங்களவர் ஒருவர் எங்கள் வாக்குமூலத்தை மொழிபெயர்க்க வந்திருந்தால் நாங்கள் எப்படி இருந்திருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

2023 பெப்ரவரியில் தற்காலிக விசாவில் கிடந்த கிட்டத்தட்ட 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் கிடைத்தது. ஆச்சரியம் என்னவென்றால் அதுவரை கல்லு மாதிரி வேலைக்குப் போய் வந்தவர் அதற்குப் பிறகுதான் விழுந்தார். இரண்டு வயதில் விட்டு வந்த கடைசி மகள் இப்போது வீடியோவில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரோ மாமாவிடம் பேசுவது போலப் பேசுகிறாள்.

உளவியலாளரிடம் அனுப்பினால் "நான் தீவானா இல்லை" என்பார், பைத்தியம் இல்லை என்று. அதை மறுப்பு என்று எழுதி ஃபைலை மூடிவிடாதீர்கள். நித்திரைக்கு வைத்தியம் என்று சொல்லுங்கள், வருவார். அரசாங்க மருத்துவக் காப்பான மெடிகேரில் வருடத்துக்குப் பத்துத் தடவைதான், அதிலும் ஐம்பது நிமிடத்தில் பாதி மொழிபெயர்ப்பிலேயே போய்விடும், ஆகவே ஒவ்வொரு தடவையும் புதிய குரலைப் போடாமல் ஒரே மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வையுங்கள். வீட்டுப் பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள், தயவுசெய்து. பத்துத் தடவை போதாது என்றால் சித்திரவதைக்குத் தப்பியவர்களுக்காக 1987இல் தொடங்கிய ஃபவுண்டேஷன் ஹவுஸ் டண்டினோங்கிலேயே இருக்கிறது, அங்கே எழுதிக் கொடுங்கள்.

வரும் செவ்வாய் பத்தரைக்கு அவருக்கு அதே டொக்டரிடம் அப்பொயின்ட்மென்ட் இருக்கிறது. இந்த முறை நீண்ட நேரத்துக்குப் போட்டிருக்கிறேன், மொழி என்ற இடத்தில் ஹசாரகி என்று நானே எழுதிக் கொடுத்தேன். டொக்டர், பட்டியைச் சுற்றுவதற்கு முன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். ஒன்றுமில்லை என்பார். இன்னும் இரண்டு தரம் கேளுங்கள்.