வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: தன்வரலாறுகள் படித்த ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். நம் வாசகர் வட்டத்தின் கடந்த ஆண்டுச் செயல்பாடுகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதம் ஒன்றாக 12 கூட்டங்கள் நடந்தன. செயற்குழு நான்கு முறை கூடியது. புத்தக அலமாரி பழுது பார்க்கப்பட்டது. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

ஆண்டு முழுவதும் தன்வரலாறுகளும் நாட்குறிப்புகளும் மட்டுமே படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முன்மொழிந்தவன் நான். படித்தபோது மனதில் எழுந்ததை உறுப்பினர்கள் எழுதிவைக்கும் ‘எதிர்வினை ஏடு’ தொடங்கியதும் நானே. அதைப் பற்றி வட்டத்துக்குள் பல பேச்சுகள் உலவுவதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முந்தைய ஆண்டுகளில் எந்தத் தன்வரலாற்றை எடுத்தாலும், எழுதியவர் யோக்கியரா இல்லையா என்ற வழக்கிலேயே கூட்டம் முடிந்துவிடும். புத்தகத்தைத் திறக்காதவர்கள்தான் அதில் அதிகம் பேசினார்கள். அதனால் ஏட்டுக்கு ஒரே விதி வைத்தேன். எழுதியவரைப் பற்றித் தீர்ப்பு எழுதக் கூடாது. எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள், அப்போது உங்களுக்கு யார் நினைவு வந்தது என்பதை மட்டும் எழுத வேண்டும்.

முதலில் எடுத்தது உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்ததும் பாதியில் நின்ற நூல். ஏட்டுச் சுவடி தேடி அலைந்ததைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். வந்த குறிப்புகளில் பெரும்பாலானவை 1876இல் அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறையும் அத்தியாயத்தைப் பற்றியவை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அங்கே நிறுத்தியவர், மேலே படிக்க மூன்று வாரம் ஆயிற்று என்று எழுதியிருந்தார். மகனுக்கு நல்ல ஆசிரியர் வேண்டும் என்பதற்காக ஊர் ஊராகக் குடிபெயர்ந்த சாமிநாதையரின் தந்தையைப் பற்றிப் படித்துவிட்டு, ஒரு சகோதரி தம் தந்தையைப் பற்றி நான்கு பக்கம் எழுதினார். வட்டத்தில் எட்டு ஆண்டுகளாக இருப்பவர். ஒரு கூட்டத்திலும் வாய் திறந்து நாங்கள் கேட்டதில்லை.

இது நூல் மதிப்புரை ஆகாது, சொந்தக் கதை என்று செயற்குழுவிலேயே ஆட்சேபம் எழுந்தது. அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். பிறர் வாழ்க்கையைப் படிக்கிறவர் தம் வாழ்க்கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் செய்வார். அதை எழுதச் சொன்னால் புத்தகத்தின் எந்த வரி யாரைத் தொட்டது என்று மற்றவர்களுக்கும் தெரியவரும். மதிப்புரை அதற்குப் பிறகு வரட்டும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஃப்ரே 2003இல் தன்வரலாறாக வெளியிட்ட நூலில் பல பகுதிகள் புனைந்தவை என்று 2006இல் தெரியவந்ததையும், வாங்கியவர்களுக்குப் பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தர முன்வந்ததையும் ஒரு மாலை விவாதித்தோம்.

தலித் எழுத்தாளர் பாமா தம் வாழ்க்கையை எழுதிய ‘கருக்கு’ படித்த மாதத்தை மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும். 1992இல் அது வெளிவந்தபோது அவருடைய ஊராரே கோபம் கொண்டார்கள். சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. தன் கதையை எழுதும்போது சுற்றி இருப்பவர்களின் கதையும் சேர்ந்துதானே வரும், அதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்று இரண்டு மணி நேரம் பேசினோம். இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் அது. அடுத்த வாரமே அந்தக் கேள்வி நம் வீட்டுக்குள் வந்தது. உறுப்பினர் ஒருவர் தம் குடும்பத்தைப் பற்றி ஏட்டில் எழுதிய குறிப்பு, வட்டத்துக்கு வெளியே, அவருடைய உறவினர்களின் காதுக்கே போய்விட்டது. யார் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஏட்டை மேசைமேல் திறந்து வைத்தது என் தவறு. அதற்காக அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். தம் பக்கங்களைத் திருப்பித் தருமாறு கேட்டார். 31, 32 ஆகிய இரண்டு பக்கங்களும் ஒரே தாள். அதை அறுத்து அவர் கையில் கொடுத்தேன். செயற்குழுவைக் கேட்காமல் ஆவணத்தை வெட்டியதாக என்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டு இதுதான். கேட்டிருந்தால் அந்தத் தாளைச் செயற்குழு முழுவதும் படித்திருக்கும்.

பிறகு, நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்தோம். 1947இல் அதை வெளியிட்டபோது, தாயைப் பற்றி மகள் கடுமையாக எழுதியிருந்த சில பகுதிகளைத் தந்தை நீக்கியிருந்தார். இளைய உறுப்பினர்களுக்கு அவர்மேல் கோபம்; பெற்றோராக இருப்பவர்கள் அவர் பக்கம். நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. அறுபட்ட தாளின் ஓரம் ஏட்டில் இன்னும் இருக்கிறது. இப்போது ஏடு என் பொறுப்பில், பூட்டிய பெட்டியில் இருக்கிறது. எழுதியவர் சம்மதித்தால் மட்டுமே அவருடைய குறிப்பு கூட்டத்தில் வாசிக்கப்படும்.

வருகையைப் பற்றி. பதிவேட்டில் பெயர் உள்ளவர்களில் பாதிப் பேருக்குமேல் மூன்று கூட்டங்களுக்குக்கூட வரவில்லை. எதிர்வினை ஏடு வட்டத்தைக் குலைத்துவிட்டது என்று சொல்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஏட்டில் ஒரு வரி எழுதிவிட்டு இதைச் சொல்லியிருந்தால் தலைவணங்கிக் கேட்டுக்கொள்வேன். இரவல் போன ‘என் சரித்திரம்’ பிரதி ஒன்று ஏழு மாதமாகத் திரும்பவில்லை. அதற்காகக் காத்திருந்த இருவர் படிக்காமலேயே கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது.

சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. புத்தகம், அச்சு, தபால் வகையில் ஆன செலவு வரவுக்குள் அடங்கியது. சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விவரங்களைப் பொருளாளர் தம் அறிக்கையில் தருவார்.

கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், நூல்களை அன்பளித்தவர்களுக்கும், கணக்கைச் சரிபார்த்துத் தந்த தணிக்கையாளருக்கும், மாதந்தோறும் நாற்காலி எடுத்துப் போட்ட இளைஞர்களுக்கும் வட்டத்தின் நன்றி.

வரும் ஆண்டில் உறுப்பினர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு நாளை எழுதிக் கொண்டுவர வேண்டும் என்பது என் திட்டம். அதற்குப் புது ஏடு ஒன்றும், இரண்டு கூட்டங்களுக்கான செலவும் வேண்டும். நிலுவை வந்தால்தான் அது முடியும். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். பெட்டியின் சாவியை மட்டும், ஏட்டில் எழுதியிருக்கும் 19 பேரின் சம்மதத்தைக் கேட்ட பிறகே கொடுக்க முடியும். பக்கங்களைத் திரும்பப் பெற்றவர் அதன் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. அவருக்கு ஒவ்வொரு மாதமும் அழைப்பு அனுப்பி வருகிறேன். இன்றைய கூட்டத்துக்கும் அனுப்பியிருக்கிறேன்.

இவ்வறிக்கையை ஏற்றருளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்