சிவப்பு மழையின் விடை பலாமரத்தில் இருக்கிறது

விநோதச் செய்திகள் வெளியிடும் பத்திரிகை, தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டப் பள்ளி ஒன்றில் தாவரவியல் நடத்துகிறேன். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் போதும், வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "டீச்சர், கேரளாவில் வேற்றுக்கிரக உயிர்கள் மழையாகப் பெய்தனவாமே?" எங்கே படித்தாய் என்றால், உங்களில் ஒருவரைத்தான் காட்டுகிறார்கள்.

2001 ஜூலை 25 அன்று கோட்டயம் மாவட்டத்துச் சங்கனாச்சேரிப் பகுதியில் சிவப்பு மழை பெய்தது உண்மை. செப்டம்பர் வரை கேரளத்தில் பல இடங்களில் விட்டுவிட்டுப் பெய்தது. வெளுத்த துணிகளில் இளஞ்சிவப்புக் கறை படிந்தது. முதல் மழைக்கு முன் பேரிடியும் ஒளிக்கீற்றும் வந்ததாகச் சிலர் சொன்னார்கள். மரங்கள் கருகிய இலைகளை உதிர்த்தன, கிணறுகள் திடீரென்று உள்வாங்கின என்றும் செய்திகள் வந்தன. எல்லாவற்றையும் ஒரே சரட்டில் கோத்துவிட்டார்கள். அஞ்சியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். முற்றத்து வாளியில் இரத்த நிறத்தில் தண்ணீர் நின்றால் யாருக்குத்தான் அடிவயிறு கலங்காது?

திருவனந்தபுரத்துப் புவி அறிவியல் ஆய்வு மையமும் முதலில் விண்கல் வெடித்திருக்கலாம் என்றே சொன்னது. ஆனால் மழைநீரில் இருந்தவை ஸ்போர்கள் (பாசி, பூஞ்சை போன்றவை பரவ உதவும் நுண்ணிய வித்துகள்) போலத் தெரிந்ததும், மாதிரியைப் பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பியது. அங்கே அவற்றை வளர்த்துப் பார்த்தார்கள். முளைத்தது ட்ரென்டிபோலியா என்னும் பாசி. சங்கனாச்சேரியின் மரங்களிலும் பாறைகளிலும் விளக்குக் கம்பங்களிலும் அப்பாசி கலந்த லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிரி) மண்டிக் கிடந்ததை, 2001 நவம்பரில் வந்த அறிக்கையே சொல்லியது. முன்பு சொன்னதை வெளிப்படையாகத் திருத்திக்கொண்ட அந்த விஞ்ஞானிகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

2006இல் இரண்டு இயற்பியலாளர்கள், அந்தச் செல்கள் வால்நட்சத்திரத்திலிருந்து வந்திருக்கலாம் என்று கட்டுரை எழுதினார்கள். இன்றுவரை நீங்கள் எடுத்துப் போடுவது அதைத்தான். 2015இல் வேறு ஆய்வாளர்கள் மரபணுவை ஆராய்ந்து, ஐரோப்பாவில் அறியப்பட்ட ட்ரென்டிபோலியா அனுலாட்டா என்ற இனம் இது என்று வெளியிட்டார்கள். அதற்கு உங்களிடம் இடம் கிடைக்கவில்லை.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு பலாமரம் நிற்கிறது. சாரல் அடிக்கும் பக்கத்துப் பட்டையில் செங்காவி நிறத்தில் கம்பளி போல ஒன்று படர்ந்திருக்கும். பிள்ளைகள் தினமும் அதில் சாய்ந்துதான் மதியச் சோறு உண்கிறார்கள். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினால் நகக்கண்ணில் ஆரஞ்சுப் பொடி ஒட்டும். நுண்ணோக்கியில் வைத்தால் மணிமாலை போல இழைகள், ஒவ்வொரு மணிக்குள்ளும் ஆரஞ்சுத் துளிகள். இதுவும் ட்ரென்டிபோலியாதான். உண்மையில் இது பச்சைப் பாசி இனம்தான். கேரட்டுக்கு நிறம் தரும் வகை நிறமி அதன் பச்சையை மூடிவிடுகிறது. "டீச்சர், அந்த மழை இதுதானா?" என்று ஒரு மாணவி கேட்டபோது வகுப்பே நுண்ணோக்கியைச் சுற்றி நெருக்கியடித்தது. உறவு என்றே பார்த்தால், வானத்துக்கும் பலாமரத்துக்கும் உள்ள இந்த உறவைவிட வியப்பானது எது?

இத்தனை கோடி ஸ்போர்கள் ஒரே நேரத்தில் மேகத்துக்கு எப்படி ஏறின என்பதற்கு அந்த 2001 அறிக்கையிலும் திட்டமான விடை இல்லை. மர்மம்தான் வேண்டுமென்றால் அதை எழுதுங்கள்.

அடுத்த முறை சிவப்பு மழையைப் பற்றி எழுதும்போது, விண்கல் படத்துக்குப் பதில் ஒரு மரப்பட்டையின் படத்தைப் போடுங்கள். புகைப்படக்காரரை ஆடி மாதம் எங்கள் பள்ளிக்கு அனுப்பினால் மரத்தை நானே காட்டுகிறேன். நுண்ணோக்கியும் தயாராக இருக்கும்.

அன்புடன்,
ஒரு தாவரவியல் ஆசிரியை