பழைய பங்க்கை இடிக்காதீர்கள், கழற்றி நிழற்குடையாக்குங்கள்

ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சாலைப் பணியைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகிற வழியில், சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் பழைய பெட்ரோல் பங்க் கட்டடம் ஒன்று இருக்கிறது. சாலையை அகலப்படுத்த நட்ட எல்லைக்கல் அதன் ஆபீஸ் அறைக்கு நடுவில் விழுந்திருக்கிறது. முன்பக்கத்துப் பந்தல் முழுவதும், அறையில் பாதியும் சாலைக்குள் போகின்றன. சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறியும் போட்டாகிவிட்டது.

சாலையே வேண்டாம் என்று மல்லுக்கு நிற்க இதை எழுதவில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அந்தச் சாலையில் வேன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நான் கேட்பது ஒன்றுதான். கட்டடத்தை இடிக்காமல் கழற்றுங்கள். கழற்றியதைப் புது எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற புறம்போக்கில் திரும்பக் கட்டுங்கள். கட்டி அதைப் பஸ் நிழற்குடையாக்குங்கள். பங்க் மூடி எத்தனையோ வருடங்கள் ஆகியும் கண்டக்டர்கள் அங்கே "பங்க் ஸ்டாப்" என்றுதான் குரல் கொடுக்கிறார்கள். இறங்குகிற சனத்துக்கு ஒதுங்க நிழல்தான் கிடையாது.

கட்டட வேலை மேற்பார்வை பார்த்தே வயதான ஆள் நான். பழைய சுவரைக் கண்டால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் தாண்டிப் போக முடியாது. அதனால் சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளே தெரிவது செங்கல் அல்ல, முருகைக்கல். கடலுக்குள் வளர்ந்த பவளப்பாறையை வெட்டி எடுத்து, கிளிஞ்சல் சுண்ணாம்பில் அடுக்கிய சுவர். கீழக்கரை, வேதாளை, பாம்பன் பக்கத்துப் பழைய வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் இந்தக் கரையில் செங்கல்லைவிட மலிவான சரக்கு. இன்று எந்த விலை கொடுத்தாலும் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலுக்குள் வந்துவிட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலே வழக்கு என்கிற கல்லை, ஏற்கெனவே எடுத்து அடுக்கி வைத்திருக்கும் சுவரிலிருந்து ஜேசிபியால் வாரிப் பள்ளம் நிரப்பப் போகிறோம். ஜேசிபியின் வாளி ஒருமுறை பட்டால் அது புட்டாக உதிர்ந்துவிடும். உதிர்ந்ததற்கு மாற்றுக் கல் கிடையாது.

சுவரை விட்டுவிட்டு ஊரின் கதைக்கு வருகிறேன். நம் கடற்கரையின் பழங்கதை என்று எடுத்தால் எல்லாமே ரயில் கதைதான். 1914-ல் திறந்த பாம்பன் பாலம், தனுஷ்கோடி வரை ஓடிய போட் மெயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், 1964 டிசம்பர் புயலில் போன ரயில், இப்போது 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். பழைய பாலத்தின் தூக்கு இரும்பைக் காக்க வேண்டும் என்று கேட்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள், நல்லது. சாலையில் வந்தவர்களின் கதைக்கு என்ன அடையாளம் இருக்கிறது?

1988 அக்டோபரில் இந்திரா காந்தி பாலம் திறக்கும்வரை ராமேசுவரத்துக்குச் சாலையே இல்லை. காரில் வந்தவர் மண்டபத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும், இல்லையென்றால் வண்டியையே ரயிலில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸும் லாரியும் மண்டபத்தோடு சரி. ஆகவே மண்டபம் சாலையில் இருந்த பங்க் என்பது மற்ற ஊர்ப் பங்க் மாதிரி நடுவழிக் கடை இல்லை, சாலை தீர்ந்துபோகிற இடத்துக் கடை. தீர்த்தமாடிவிட்டுத் திரும்புகிற மதுரைக்காரரும் காரைக்குடிக்காரரும் வண்டிக்கு எண்ணெய் போட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டு கிளம்பிய இடம். மீன் லாரிக்காரர்கள் ஐஸ் உருகுகிற அவசரத்தில் வரிசை தாண்டி ஹாரன் அடித்த இடம். விசைப்படகுகள் பெருகிய பிறகு டீசலைப் பேரலில் பிடித்து மாட்டுவண்டியில் ஏற்றிப் போனதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

பந்தலின் நெற்றியில் சுதையால் செய்த ஒரு சிப்பி இருக்கிறது, பல பூச்சுகளுக்கு அடியில். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனி காலத்துச் சின்னம். 1928-ல் இந்தியாவில் தொடங்கிய அந்தக் கம்பெனி 1976-ல் நாட்டுடைமை ஆனதும் சின்னங்கள் எல்லா ஊரிலும் அழிக்கப்பட்டன. இங்கே யாரோ கொத்தியெடுக்கச் சோம்பல்பட்டு மேலே வெள்ளையடித்துவிட்டிருக்கிறார்கள். சோம்பேறித்தனத்தால் பிழைத்த வரலாறு நம் நாட்டில் கொஞ்சமா என்ன! இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷெல் கம்பெனியை நிறுவிய சாமுவேல் குடும்பம் எண்ணெய்க்கு முன்னால் லண்டனில் விற்றது கீழ்நாட்டுக் கடல் சிப்பிகளைத்தான். சங்கும் சிப்பியும் விற்றே பிழைக்கிற கடைத்தெரு உள்ள இந்தக் கரையில் அந்தச் சின்னம் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இனி வேலை விஷயம். "ஜாக்கி வைத்துத் தூக்கி நகர்த்திவிடலாமே" என்று ஒரு பொறியாளர் நண்பர் கேட்டார். சாலை உயர்ந்து வீடு பள்ளமானதும் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவது இப்போது ஊர் ஊராக நடக்கிறது. அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டி, சுவருக்கு அடியில் இரும்புச் சேனலைச் செருகி, அதற்குக் கீழே வரிசையாக ஜாக்கிகளை வைத்து, எல்லாவற்றையும் ஒரே சீராகத் திருக வேண்டும். சுவருக்கு அடியில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் ஓடுகிற வீட்டுக்கு அது சரிப்படும். இந்த முருகைக்கல் சுவருக்கு அடியில் பெல்ட் கிடையாது. சுண்ணாம்புக் காரை நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஒரு ஜாக்கி ஒரு நூல் கூடுதலாக ஏறினாலும் இணைப்பு வாய் பிளந்துவிடும். பக்கவாட்டில் உருட்டிக் கொண்டுபோவது இன்னும் ஆபத்து. சாகசம் வேண்டாம் என்பேன்.

கழற்றுவதுதான் வழி. நாலு பக்கமும் அளந்து படம் வரைந்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் எண் எழுதி, மேலிருந்து கையால் பிரிக்க வேண்டும். பழைய சுண்ணாம்பு கல்லை விட்டுவிடும் என்பது அதன் பெரிய குணம். சிமென்டில் கட்டியிருந்தால் கல்லே உடைந்து வரும். திரும்பக் கட்டும்போதும் சிமென்ட் கூடாது. முருகைக்கல் உப்பைக் குடித்து வைத்திருக்கிற கல், சுவாசிக்க வழி வேண்டும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைந்து உப்பு பூத்து, கல்லை உள்ளிருந்தே அரித்துவிடும். சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டு, கடுக்காய் ஊறலும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்து அரைக்கிற வேலை தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கருப்பட்டிக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை.

முன்பந்தல் வேறு கதை. அது கான்கிரீட். கம்பி துருவேறிப் பருத்து, அடிப்பூச்சைத் தள்ளிவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் காப்பாற்ற முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே அளவு, அதே வளைந்த முனை, அதே இரண்டு உருண்டைத் தூண் என்று புதிதாக வார்க்க வேண்டியதுதான். சிப்பிச் சுதையை மட்டும் முன்கூட்டியே பலகை கட்டி அறுத்து எடுத்துவிட வேண்டும்.

கட்டடத்தைவிட எனக்குக் கவலை தருவது பூமிக்குள் இருப்பது. பங்க்கின் டேங்க் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. காலி டேங்க் என்று பழைய இரும்புக்காரர் கேஸ் கட்டரை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நிறைந்த டேங்க்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும். பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிப்படி ஆவி இல்லை என்று சோதித்துச் சான்று வாங்காமல் அதில் நெருப்பு படக்கூடாது. அடியில் தங்கிய கசடையும் மணலில் கொட்டக் கூடாது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வருவதற்கு முன்னால் மூடிய பங்க் இது. அந்தக் கசடில் ஈயம் இருக்கும். இங்கே பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்குச்சியால் நல்ல தண்ணீர் மொண்டு குடம் நிரப்புகிறார்கள். அவ்வளவு மேலேதான் இருக்கிறது நிலத்தடி நீர். டேங்க்கை அப்படியே விட்டு மேலே தார் போட்டுவிட்டுப் போனால், கட்டடம் போனதைவிடப் பெரிய கேடு அது. என் மற்ற கோரிக்கைகளை எல்லாம் தள்ளினாலும் இதைத் தள்ளாதீர்கள்.

"இதெல்லாம் புராதனச் சின்னமா?" என்ற கேள்வி கோப்பில் வரும். 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி நூறு வயது ஆகியிருக்க வேண்டும். இதற்கு ஆகவில்லை. ஆனால் நூறு ஆகாததைக் காக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நூறு ஆகும்வரை யாராவது விட்டுவைத்தால்தானே நூறு ஆகும்?

முன்மாதிரி கேட்டால், கிழக்குக் கடற்கரைச் சாலையின் சென்னைப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கிற தட்சிணசித்ராவைப் பாருங்கள். தென்னாட்டின் பல ஊர்களில் இடிக்கக் காத்திருந்த வீடுகளை வாங்கி, பிரித்து, ஏற்றி வந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். 1996 முதல் மக்கள் அதற்குள் நடந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பங்க்கே வேண்டும் என்றால் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ஜில்லா என்ற சிற்றூர். 1922-ல் தேநீர்க் கெண்டி வடிவில் கட்டிய ஒரு குட்டிப் பங்க், பெரிய நெடுஞ்சாலை வந்தபோது ஒருமுறை இடம் மாறியது. பிறகு 2012-ல் நகராட்சியே அதை ஊருக்குள் கொண்டுவந்து வைத்தது. அது அந்தக் காலத்து எண்ணெய் ஊழல் ஒன்றைக் கேலி செய்யக் கட்டியது. கேலிக்குக் கட்டியதையே இரண்டு தடவை தூக்கிச் சுமந்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சாலைக்காக இங்கேயே புளியமரங்களை வேரோடு பெயர்த்து நடுகிறோம். சாலையோரக் கோயிலோ தர்காவோ குறுக்கே வந்தால் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசி, மரியாதையோடு இடம் மாற்றுகிறோம். ஆக, இடம் மாற்றுவது என்பது துறைக்குத் தெரியாத வேலை இல்லை.

பணம்? புது நிழற்குடைக்கு எப்படியும் ஒதுக்கீடு வரத்தான் போகிறது. வந்தால் என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். இரும்புக் குழாய், தகரக் கூரை, கூரையைவிடப் பெரிய பெயர்ப்பலகை. உப்புக்காற்றில் சில வருடத்தில் கால் அரித்துச் சாய்ந்துவிடும், பெயர்ப்பலகை மட்டும் நிற்கும். அந்தத் தொகையை இதற்குத் திருப்பிவிட்டு, குறைகிறதை எண்ணெய் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் கேளுங்கள். வண்டிக்காரன் வெயில் படாமல் நிற்கத்தான் பங்க் பந்தலே போடுகிறார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் அதே நிழல் போதும். ஆபீஸ் அறையில் ஒரு குடிநீர்த் தொட்டி, பின்னால் இருந்த ஆயில் டின் அறையின் இடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை. யாத்திரை வேன்களில் வருகிற அம்மாக்கள் இந்தச் சாலையில் படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செய்யக் கூடாதது ஒன்றிரண்டு உண்டு. இரண்டு கண்ணாடிக் குடுவையோடு கையால் அடித்து ஏற்றுகிற அந்தக் காலத்துப் பம்பு எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மேடையில் நாலு போல்ட் மட்டும் நிற்கிறது. ஃபைபரில் ஒரு பொம்மைப் பம்பு செய்து அங்கே வைக்காதீர்கள். நாலு போல்ட்டே போதும். கேட்கிற பிள்ளைகளுக்கு, காலன் கணக்கில் குடுவை நிரம்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுத்த கதையைப் பக்கத்தில் நிற்கிற தாத்தா சொல்லிக்கொள்வார். பூட்டி வைத்து மாதம் ஒருமுறை திறக்கிற அருங்காட்சியகமும் வேண்டாம். இந்தக் காற்றில் ஆள் புழங்காத கட்டடம் நிற்காது.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துவிடும். ஈரத்தில் பிரித்தால் முருகைக்கல் கையிலேயே உதிர்ந்துவிடும். அதற்கு முன்னால் ஒப்பந்தத்தில் "இடித்து அகற்றுதல்" என்று இருக்கும் இந்த ஒரு கட்டடத்தை "பிரித்து மறுகட்டுமானம்" என்று திருத்தி, டேங்க் சோதனைக்கு எழுதிப்போடுங்கள். அளவெடுக்க உங்கள் ஆட்கள் வருகிற அன்று சொல்லியனுப்பினால் டேப் பிடிக்க நானும் வருகிறேன். கூலி வேண்டாம், கருவேலத்தை முதல் நாளே வெட்டி வையுங்கள். அதன் முள்ளுக்கு இந்த வயதில் என்னால் ஈடுகொடுக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்,
மண்டபம் வட்டாரம்.